பதிவேட்டில் ஏற மறுக்கும் பெயர்: கிராணியின் பேரேடு முதல் கணினிப் படிவம் வரை



பள்ளி அலுவல்களுக்கென நாமே உருவாக்கிக்கொள்ளும் சிறிய தரவுத்தளங்களில் ஒரு தொல்லை தவறாமல் தலைகாட்டும். மாணவர் பதிவுப் படிவத்தின் கட்டங்களை எல்லாம் நிரப்பியிருப்போம். ‘சேமி’ என்னும் பொத்தானை அழுத்தியவுடன் ஓர் எண்ணும் ஆங்கில வாக்கியம் ஒன்றும் திரையில் தோன்றும், பதிவு ஏறாது. மீண்டும் மீண்டும் அழுத்தினாலும் அதே செய்திதான் வரும். பொறுமை இழந்த சிலர், அச்செய்தி தோன்றாதபடி நிரலில் ஒரு வரியைச் சேர்த்துவிடுவர். அதன்பின் படிவம் அமைதியாகிவிடும். ஆனால் பிள்ளையின் பெயர் பதிவாயிற்றா இல்லையா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

இப்பிழைச் செய்திகளை எரிச்சலூட்டும் இடையூறுகளாகவே பலரும் கருதுகின்றனர். அவை எவ்வாறு தோன்றின, எத்தகைய இழப்பைத் தடுப்பதற்காக வகுக்கப்பட்டன என்னும் வரலாற்றை அறிந்தால் அக்கருத்து மாறும். அவற்றைத் தீர்க்கும் வழியும் எளிதில் புலப்படும். அந்த வரலாற்றை நம் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தே தொடங்கலாம்.

மறுக்கத் தெரியாத பேரேடு

இன்று தெலுக் இந்தான் என்று நாம் அழைக்கும் ஊர் 1982 வரை தெலுக் ஆன்சன் என்னும் பெயரைக் கொண்டிருந்தது. கீழ்ப்பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் வளர்ந்தவை. 1906இல் தொடங்கப்பெற்ற ஜெண்டராத்தா ரப்பர் நிறுவனம் அவற்றுள் ஒன்று. 1907இல் குடியேற்ற நிதி ஒன்று சட்டப்படி நிறுவப்பெற்று, தமிழகத்திலிருந்து தொழிலாளர்களை அழைத்துவரும் செலவு பகிர்ந்துகொள்ளப்பட்டது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களின் உதவி பெற்ற பயணத்தைத் தடை செய்யும்வரை, கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்து இறங்கினர்.

வந்தவர்களின் பெயர்கள் முதலில் ஏறிய இடம் ஏடுகள். தோட்டத்து அலுவலகத்தில் கிராணியின் கையில் இருந்த செக்ரோல் புத்தகமே பலருக்கு அன்றாட வாழ்வின் பதிவேடாயிற்று. கிராணிமார்களுள் பலர் யாழ்ப்பாணத் தமிழர், பலர் மலையாளிகள். தொழிலாளி வாயால் சொல்ல, கிராணி காதால் கேட்டு, ஆங்கில எழுத்தில் எழுதினார். சுப்பிரமணியம் என்னும் ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக்கூட்டல்கள் அமையும். தோட்டத்து ஏட்டில் ஒன்றும், பிறப்புப் பதிவில் இன்னொன்றும், பள்ளிப் பதிவேட்டில் வேறொன்றும் எழுதப்பட வாய்ப்பு இருந்தது.

காகிதப் பேரேட்டின் இயல்பு இங்கே கவனிக்கத்தக்கது. அது எதையும் மறுக்காது. தந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தாலும், ஒரே பிள்ளை இரண்டு முறை எழுதப்பட்டாலும், பிறந்த நாள் தவறாக இருந்தாலும் அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். பிழை நேர்ந்த அன்று யாருக்கும் தெரியாது. பல்லாண்டுகள் கழித்து, அதைத் திருத்தக்கூடியவர்கள் எல்லாரும் மறைந்த பின்னரே தெரியவரும்.

அவ்வாறு தெரியவந்த காலங்கள் நம் வரலாற்றில் உண்டு. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948இல் மலாயாவில் அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமை என்பது சட்டத்தின் பொருளாயிற்று. எங்குப் பிறந்தோம், எப்போது பிறந்தோம், பெற்றோர் யாவர் என்னும் வினாக்களுக்கு ஆவணத்தால் விடை கூற வேண்டியதாயிற்று. ஆவணம் இல்லாதவர்களும், ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவர்களும் இடர்ப்பட்டனர். நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையுடனே வாழ்நாளைக் கழித்த முதியவர்கள் பலர். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் சட்டப்படி பதியப்பட வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்த பின்னும், கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளின் ஆவணங்களில் புதிய சிக்கல்கள் எழுந்தன. ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்வதற்கென்றே 2011இல் ‘மைடாஃப்தார்’ என்னும் சிறப்பு இயக்கம் நடத்தப்பட வேண்டியிருந்தது.

ஓர் ஏட்டில் விடுபட்ட கட்டம் ஒரு மனிதரின் குடியுரிமையைத் தொடும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

மணியடித்த பொறி

பதிவு சரியாக ஏறியது என்பதை எழுதுபவருக்கு அந்த நொடியிலேயே உணர்த்த வேண்டும் என்னும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாக உருப்பெற்றது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எர்மன் ஹொலரித் என்பவர் துளையட்டைப் பொறியை உருவாக்கினார். ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. வயது, பால், பிறப்பிடம் முதலியவை அட்டையில் துளைகளாயின. அட்டையைப் பொறியில் வைத்து அழுத்தியதும் ஊசிகள் துளைகளின் வழியே இறங்கிப் பாதரசக் கிண்ணங்களைத் தொட, மின்சுற்று நிறைவுற்று, எண்முள்கள் நகர்ந்தன. அட்டை முறையாகக் கணக்கில் ஏறியதும் ஒரு மணி ஒலித்தது. மணி ஒலிக்காவிட்டால் அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

‘பதிவு ஏறியது’ என்று சொல்லும் இன்றைய படிவத்தின் முன்னோடி அந்த மணிதான். காகிதப் பேரேட்டில் இல்லாத ஒன்று பொறியில் இருந்தது. அது எழுதுபவருக்கு மறுமொழி கூறியது.

ஆயினும் துளையட்டை வேறொரு குறையைக் கொண்டுவந்தது. 1928இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அவற்றுள்தான் அனைத்தும் அடங்க வேண்டும். பெயருக்கு இத்தனை பத்திகள், ஆண்டுக்கு இரண்டே பத்திகள் என்று அளந்து ஒதுக்கினர். நீண்ட பெயர்கள் வெட்டப்பட்டன. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் பழக்கமும் இத்தகைய சிக்கனத்தால் வேரூன்றியதே. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகம் முழுவதும் கணினிகளைத் திருத்த வேண்டி வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

கோட் வகுத்த விதிகள்

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் கோட் என்னும் அறிஞர், தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையிலான உறவுகளாகவும் அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பான்மையான தரவுத்தளங்கள் அக்கோட்பாட்டின் வழிவந்தவை. பதிவைச் சேமிக்கும்போது எழும் மறுப்புகளுள் மிகப் பலவும் அதிலிருந்து பிறந்த விதிகளே.

முதலாவது, ஒவ்வொரு பதிவுக்கும் தனக்கே உரிய திறவுகோல் வேண்டும். ஒரே திறவுகோலுடன் இரண்டு பதிவுகள் இருத்தல் ஆகாது. மைக்ரோசாப்ட் அக்சஸ் மென்பொருளில் 3022 என்னும் எண்ணுடன் வரும் பிழைச் செய்தி இதையே கூறுகிறது. பெயரையே திறவுகோலாக வைத்திருக்கும் தரவுத்தளத்தில் இரண்டாவது குமார் சேர முடியாது. பிறந்த நாளையும் தந்தை பெயரையும் சேர்த்துத் திறவுகோலாக்கினால் இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவருக்கு இடமில்லை. இங்கே பிழை குமாரிடத்திலோ இரட்டையரிடத்திலோ இல்லை. திறவுகோலைத் தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது.

இரண்டாவது, உறவு முறியக்கூடாது. ‘4 வள்ளுவர்’ என்னும் வகுப்பில் ஒரு மாணவரைச் சேர்க்க வேண்டுமாயின் அவ்வகுப்பு முதலில் வகுப்புகளின் அட்டவணையில் இருக்க வேண்டும். இல்லையேல் 3201 என்னும் எண்ணுடன் மறுப்பு வரும். பெற்றோரைப் பதியாமல் பிள்ளையைப் பதிய முயன்றாலும் இதே செய்திதான்.

மூன்றாவது, கட்டாயமான கட்டம் வெறுமையாக இருத்தல் ஆகாது. 3314 என்னும் செய்தி இதற்குரியது. வெறுமை என்பதைப் பற்றிக் கோட் ஆழமாகச் சிந்தித்தார். தெரியாத மதிப்பை ‘நல்’ என்னும் சிறப்புக் குறியால் காட்டலாம் என்றார். 1990இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி சென்று, வெறுமை இருவகைப்படும் என்று பிரித்துக் காட்டினார். உண்டு ஆனால் இப்போது தெரியவில்லை என்பது ஒன்று. இவருக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது மற்றொன்று.

இப்பிரிவினை நமக்கு மிக நெருக்கமானது. ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் விவரம் இல்லாமல் இருக்கலாம். படிவம் தந்தையின் அடையாள அட்டை எண்ணைக் கட்டாயம் கேட்குமானால், பதிவு செய்பவர் என்ன செய்வார்? 12 சுழியங்களைத் தட்டிவிட்டு மேலே செல்வார். பதிவு ஏறிவிடும், ஆனால் ஒரு பொய் நிலைத்துவிடும். இரண்டாவது பிள்ளைக்கும் அவ்வாறே செய்தால், உறவே இல்லாத இரு பிள்ளைகளுக்கு ஒரே ‘தந்தை’ வாய்த்துவிடுவார். மறுக்க வேண்டாத இடத்தில் மறுக்கும் படிவம், மறுக்கவே தெரியாத பேரேட்டைப் போன்ற தீங்கையே விளைக்கும். ‘ஆவணத்தில் இல்லை’ என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி இருந்தால் போதும், பொய்க்கு இடமிருக்காது.

முழுமையாக ஏறுதல் அல்லது ஏறாதிருத்தல்

1970களில் அதே ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜிம் கிரே என்பவர், சேர்ந்து நிகழ வேண்டிய மாற்றங்கள் ஒன்றாக நிகழ வேண்டும், ஒன்று தவறினால் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்னும் நெறியைச் செம்மைப்படுத்தினார். வங்கியில் ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்து மற்றொரு கணக்கில் சேராமல் போனால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். இப்பணிக்காக அவர் 1998ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்.

பள்ளிப் படிவங்களில் இந்நெறி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அக்சஸில் முதன்மைப் படிவத்துள் ஓர் உட்படிவம் வைக்கும் வழக்கம் உண்டு. மேலே பெற்றோரின் விவரம். கீழே பிள்ளைகளின் பட்டியல். மேற்பகுதியை நிரப்பிவிட்டுக் கீழ்ப்பகுதியில் சுட்டியை வைத்த அக்கணமே மேற்பகுதி சேமிக்கப்பட்டுவிடும். அதன்பின் பிள்ளையின் பதிவு மறுக்கப்பட்டு, எழுதுபவர் படிவத்தை மூடிவிட்டால், பிள்ளையில்லாத பெற்றோர் ஒருவர் தரவுத்தளத்தில் எஞ்சி நிற்பார். மறுநாள் மீண்டும் முயன்றால் அதே பெற்றோர் இரண்டாம் முறையாகப் பதிவாகலாம்.

நிகழ்வுகளின் வரிசை

1980களின் இறுதியில் நிரல் எழுதும் முறையிலேயே ஒரு மாற்றம் வந்தது. ஆலன் கூப்பர் உருவாக்கிய காட்சிவழி வடிவமைப்புக் கருவியை மைக்ரோசாப்ட் 1988இல் பெற்றுக்கொண்டது. அதிலிருந்து 1991இல் விசுவல் பேசிக் பிறந்தது. 1992இல் அக்சஸ் வெளிவந்தது. நிரல் இனி மேலிருந்து கீழாக ஓடுவதில்லை. பயனர் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு நிகழ்வு. அந்நிகழ்வுக்கென எழுதிய நிரல் மட்டும் அப்போது இயங்கும். கணினி வல்லுநர் அல்லாத ஆசிரியர்களும் படிவம் உருவாக்கத் தொடங்கியது இதனால்தான். நிகழ்வுகளின் வரிசையை அறியாமல் நிரல் எழுதும் வழக்கமும் இதனோடு சேர்ந்தே வந்தது.

ஒரு புதிய பதிவைச் சேமிக்கும்போது நிகழ்வுகள் ஒழுங்கான வரிசையில் நடைபெறுகின்றன. முதல் எழுத்தைத் தட்டும்போது ‘பிஃபோர் இன்சர்ட்’. சேமிப்பதற்குச் சற்று முன்னர் படிவத்தின் ‘பிஃபோர் அப்டேட்’. சேமித்த பின் ‘ஆஃப்டர் அப்டேட்’. இறுதியாக ‘ஆஃப்டர் இன்சர்ட்’. இவற்றுள் பிஃபோர் அப்டேட் என்பது வாயிற்காவலர். அங்கே ‘கேன்சல்’ என்னும் மதிப்பை ‘உண்மை’ என்று மாற்றினால் பதிவு வாயிலிலேயே நிற்கும். ஆஃப்டர் அப்டேட் என்பதோ பதிவு உள்ளே சென்ற பின் ஒலிக்கும் மணி.

பிழைகள் பல இவ்வரிசையை மறந்ததால் எழுபவை. சோதனையை ஆஃப்டர் அப்டேட்டில் எழுதினால் பயனில்லை. அதற்குள் பதிவு ஏறிவிடும். எச்சரிக்கைச் செய்தியை மட்டும் காட்டிவிட்டுக் கேன்சலை மாற்ற மறந்தால், செய்தி தோன்றும், தவறான பதிவும் ஏறும். கட்டாயக் கட்டத்துக்கான சோதனையை அந்தக் கட்டத்துக்கே உரிய பிஃபோர் அப்டேட்டில் எழுதினால், எழுதுபவர் அக்கட்டத்தைத் தொடாமலே கடந்துவிடும்போது அந்நிரல் இயங்காது. ஆதலால் அச்சோதனை படிவத்தின் பிஃபோர் அப்டேட்டில் இருக்க வேண்டும். ஒரு கட்டத்தின் பிஃபோர் அப்டேட்டுக்குள்ளேயே அதே கட்டத்தின் மதிப்பை மாற்ற முயன்றால் 2115 என்னும் மறுப்பு வரும். அம்மாற்றத்தை அக்கட்டத்தின் ஆஃப்டர் அப்டேட்டில் செய்ய வேண்டும்.

வெறுமையைச் சோதிக்கும் முறையிலும் கவனம் தேவை. ‘இக்கட்டம் வெற்றுச் சொல்லுக்குச் சமமா’ என்று நிரலில் கேட்டால், நல் என்னும் வெறுமைக்கு ‘ஆம்’ என்ற விடை வராது. தெரியாத ஒன்று எதற்கும் சமமென்று சொல்ல இயலாது என்பதே விதி. எனவே சோதனை இருந்தும் வெறுமை நழுவிச் செல்லும். அந்நல்லைச் சொல்லுக்குரிய மாறியில் இட முயன்றால் 94 என்னும் பிழை எழும். ‘இஸ்நல்’ என்றோ, ‘என்இசட்’ என்றோ கேட்பதே முறை.

நம் பெயர்களும் அயலார் வகுத்த கட்டங்களும்

மென்பொருள்களின் மாதிரிப் படிவங்கள் பெரும்பாலும் மேலை நாட்டுப் பெயரமைப்பை மனத்திற்கொண்டு வரையப்பட்டவை. முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தன் பெயரும் தந்தை பெயருமே உண்டு. குடும்பப் பெயர் கட்டாயமானால் தந்தையின் பெயர் அங்கே போய் அமரும். கடிதம் பிள்ளையின் பெயருக்குப் பதிலாகத் தந்தையின் பெயரை விளிக்கும்.

மலேசியத் தமிழர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘அனாக் லெலாக்கி’ என்பதன் சுருக்கமான ‘ஏ/எல்’, ‘அனாக் பெரம்புவான்’ என்பதன் சுருக்கமான ‘ஏ/பி’ ஆகியவற்றில் ஒரு சாய்கோடு இருக்கிறது. மாணவரின் முழுப் பெயரையே நிழற்படக் கோப்பின் பெயராக்கிச் சேமிக்கும்படி நிரல் எழுதினால் கணினி அச்சாய்கோட்டைக் கோப்புறைகளின் எல்லைக்கோடாகக் கருதிவிடும். அத்தகைய கோப்புறை இல்லை என்று 76 என்னும் பிழையை எழுப்பும். விமானப் பயணச்சீட்டிலும் சாய்கோடு குடும்பப் பெயரையும் முதற்பெயரையும் பிரிக்கும் குறியாகும். நிழற்படத்துக்கு மாணவரின் பதிவு எண்ணைப் பெயராக்குவதே தீர்வு.

டி’குரூஸ் முதலான பெயர்களில் வரும் ஒற்றை மேற்கோள் குறி, நிரலுக்குள் சேர்த்தெழுதும் வினவலை நடுவில் அறுத்துவிடும். 3075 என்னும் பிழை தோன்றும். அக்குறியை இரட்டித்து எழுதினாலோ, மதிப்பைத் தனி அளபுருவாக அனுப்பினாலோ சிக்கல் தீரும். பெயரிலிருந்து குறியை நீக்கச் சொல்வது தீர்வாகாது. பெயர் அவருடையது, நிரல் நம்முடையது.

அடையாள எண்ணைப் பாருங்கள். 1990 முதல் நடைமுறையில் உள்ள எண் 12 இலக்கம் கொண்டது. முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறப்பிடக் குறியீடு, பேராக்கிற்கு 08. இறுதி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். இவ்வெண்ணை ‘லாங் இன்டிஜர்’ வகையில் சேமிக்க இயலாது. அவ்வகையின் உச்ச எல்லை 2,147,483,647. நிரலில் 6 என்னும் மிகைப்பிழை தோன்றும். இடத்தைப் பெருக்கி வேறோர் எண் வகைக்கு மாற்றினால் பிழைச் செய்தி மறைந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு உள்ளே நுழையும். 2004 மார்ச் 5இல் பிறந்தவரின் எண் 040305 என்று தொடங்கும். எண் வகையில் முதற்சுழியம் நிற்காது. 12 இலக்கம் 11 ஆகிவிடும். 2000ஆம் ஆண்டில் பிறந்தவர்க்கு இரண்டோ மூன்றோ சுழியங்கள் போய்விடும். பெற்றோரின் கைப்பேசி எண்களுக்கும் இதே கதிதான். கூட்டவும் பெருக்கவும் வேண்டாத எண்ணைச் சொல் வகையிலேயே சேமிக்க வேண்டும்.

ஊர்ப் பெயரும் தொல்லை தரும். பிறப்பிடத்தைப் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கலாம் என்று அமைத்துவிட்டால், 1982க்கு முன் பிறந்த பாட்டனாரின் சான்றிதழில் உள்ள ‘தெலுக் ஆன்சன்’ ஏறாது. பட்டியலில் இல்லாத சொல் என்று 2237 என்னும் பிழை எழும். ஆவணத்தில் உள்ளதை உள்ளவாறே பதிந்து, இக்காலப் பெயரை இன்னொரு கட்டத்தில் இணைப்பது நலம்.

தமிழில் பெயரைப் பதிவோர்க்கு மேலும் ஒரு செய்தி. ‘மாரியம்மாள்’ என்பது நம் கணக்கில் 6 எழுத்து. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினியின் கணக்கில் அது 11. கட்டத்தின் நீளத்தை நம் எழுத்துக் கணக்கில் 10 என்று வைத்தால் அப்பெயர் அதில் கொள்ளாது. நிரலின் வழியே சேமிக்கும்போது 3163 என்னும் மறுப்பு வருவது இதனாலேயே.

ஓசையின்றி மறையும் பதிவு

இதுவரை கூறியவை உரத்துப் பேசும் பிழைகள். இவற்றால் நேரம் வீணாகலாம். பிள்ளையின் பெயர் தொலையாது. அஞ்ச வேண்டியவை வேறு.

அக்சஸில் மாற்றப்பட்டும் இன்னும் சேமிக்கப்படாத பதிவை ‘டர்ட்டி’ என்பர். அந்நிலையில் உள்ள படிவத்தை நிரலின் ‘குளோஸ்’ கட்டளையால் மூடும்போது, பதிவு ஏதோ ஒரு விதிக்கு உட்படாததாக இருந்தால், அது எச்சரிக்கையின்றிக் கைவிடப்படலாம். எழுதியவர் படிவம் மூடிக்கொண்டதைக் கண்டு பதிவு ஏறிவிட்டதென நம்புவார். கிராணியின் பேரேட்டில் தவறாகவேனும் ஒரு வரி மிஞ்சும். இங்கே அதுவும் மிஞ்சாது. இதற்கு மாற்று எளிது. மூடுவதற்கு முன் ஒரு வரியில், படிவம் டர்ட்டி நிலையில் இருந்தால் அந்நிலையைப் ‘பொய்’ என்று மாற்றச் சொல்ல வேண்டும். அது பதிவை உடனே சேமிக்க முயலும். இயலாவிட்டால் பிழையை எழுப்பும். பிழை எழுந்தால் படிவத்தை மூடலாகாது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ‘அமைதியாக்கும் வரி’யும் இத்தகையதே. ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்னும் வரி, எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குச் செல் என்று ஆணையிடுகிறது. ‘செட் வார்னிங்ஸ்’ என்பதை அணைத்துவிட்டு மீண்டும் இயக்க மறப்பதும் இதன் உறவினரே. இவ்விரண்டும் கணினியை மீண்டும் பழைய பேரேடாக்கிவிடுகின்றன. நூறாண்டு முயன்று பொறிக்குக் கொடுத்த குரலை ஒரே வரியில் பறித்துவிடுகின்றன.

இருவர் ஒரே மாணவரின் பதிவை இரண்டு கணினிகளில் ஒரே வேளையில் திருத்தும்போதும் கவனம் வேண்டும். பின்னவர் சேமிக்கும்போது ‘ரைட் கான்ஃப்ளிக்ட்’ என்னும் செய்தி வரும். சிந்திக்காமல் ‘சேமி’ என்று அழுத்தினால் முன்னவர் செய்த திருத்தம் மறைந்துவிடும். முதலில் மற்றவர் என்ன மாற்றினார் என்று கேட்டறிதல் நன்று.

பிழையை அணுகும் முறை

பதிவு ஏற மறுக்கும்போது ஆசிரியர்கள் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

1. முதலில் தரவுத்தளத்தின் படி ஒன்றை எடுத்து வைத்து, அப்படியிலேயே சோதனை செய்யுங்கள். உண்மையான மாணவர் பதிவுகளின்மேல் சோதனை வேண்டா.

2. பிழைச் செய்தியின் எண்ணையும் முழு வாசகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஏதோ எரர் வந்தது’ என்பது எவருக்கும் உதவாது.

3. பிழையை மறைக்கும் வரிகளைத் தற்காலிகமாக நீக்குங்கள். ஒளிந்திருந்த பிழை அப்போது வெளிவரும்.

4. படிவத்தை விட்டுவிட்டு அட்டவணையிலேயே அதே விவரத்தை நேரடியாகத் தட்டிப் பாருங்கள். அங்கும் மறுத்தால் காரணம் அட்டவணை விதியில் உள்ளது. அங்கே ஏறினால் காரணம் நிகழ்வு நிரலில் உள்ளது. இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைக்கும்.

5. பிஃபோர் அப்டேட் நிரலில் ஒரு நிறுத்தப் புள்ளியிட்டு, வரி வரியாக ஓட்டிப் பாருங்கள்.

6. விதி சரியானதா என்று கேளுங்கள். சரியானதெனில் விவரத்தைத் திருத்துங்கள். பிழையான விதியெனில் விதியைத் திருத்துங்கள். மறுப்பை மறைக்க மட்டும் வேண்டா.

7. மறுக்கும் செய்தியைத் தமிழிலோ மலாயிலோ தெளிவாக எழுதுங்கள். ‘அடையாள எண் 12 இலக்கம் வேண்டும், இதில் 11 உள்ளது’ என்று கூறினால் எழுதுபவரே திருத்திக்கொள்வார்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் பிள்ளையைப் பதியும்போது, திரையில் ஏறிய விவரத்தின் அச்சுப்படியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், அடையாள எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். சான்றிதழிலேயே பிழை இருப்பின் பள்ளிப் பதிவில் மட்டும் மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். தேசியப் பதிவு இலாகாவில் முறைப்படி திருத்தம் கோருங்கள். இரண்டு ஆவணங்கள் இரண்டு விதமாகப் பேசுவதால் விளைந்த துன்பத்தை நம் பாட்டன் பாட்டிமார் போதிய அளவு பட்டுவிட்டனர். திருமணத்தைப் பதிவு செய்யாத இளம் தம்பதியர் உங்கள் உறவில் இருப்பின், அதைத் தள்ளிப்போட வேண்டாமென்று எடுத்துச் சொல்லுங்கள்.

எழுதப் படிக்க அறியாத நம் முன்னோர், ஏட்டில் என்ன எழுதப்பட்டது என்று பார்க்க வழியின்றிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வேலைக்காட்டுக்கு நடந்தனர். நமக்கு அந்நிலை இல்லை. படிவம் மறுத்துச் சொல்லும் செய்தியை ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டால், ஒரு பிள்ளையின் பெயரை அதன் சரியான வடிவில் ஏற்றிவிடலாம்.

இது குறித்து ஐயம் உள்ள ஆசிரியர்கள், பிழை எண்ணோடு எழுதிக் கேட்கலாம். அறிந்தவரை விளக்குகிறேன்.